மொத்தம் பூஜ்யம்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் கிழக்குப் பக்கத்தில் சுவர்களுக்கெல்லாம் வாய் முளைத்துவிடும். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், மாங்காடு என்று எந்த ஊருக்குப் போனாலும் டீக்கடைச் சுவரிலிருந்து பஸ் நிற்கும் கொட்டகை வரைக்கும் மொய் விருந்து அழைப்புத்தான். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, வீட்டில் எந்த விசேஷமும் இல்லை. பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்து பந்தல் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து ஊரை அழைப்பார்கள். சாப்பிட்டவர்கள் கையலம்பிக்கொண்டு, தங்களை அழைத்தவர் யாரோ அவருடைய மேசைக்கு முன் போய் நின்று மொய் எழுதுவார்கள்.

வெளியூர்க்காரர்கள் இதை ஏதோ இனாம் என்று நினைத்துவிடக் கூடாது. எழுதுகிற ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வந்தாக வேண்டிய ரூபாய். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் விருந்து வைக்கலாம் என்பது வழக்கம். இடைப்பட்ட காலத்தில் தமக்கு எழுதியவர்கள் விருந்து வைக்கும்போது அவர் போய், வாங்கிய தொகையோடு மேலே ஏதாவது சேர்த்து எழுதிவிட்டு வர வேண்டும். பத்திரம் கிடையாது, ஸ்டாம்பு கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த நோட்டை நம்பி ஆழ்குழாய்க் கிணறு இறக்கியவர்கள் உண்டு, பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்கள் உண்டு, பையனை என்ஜினீயருக்குப் படிக்க வைத்தவர்களும் உண்டு.

இவ்வளவு பீடிகையும் எதற்கென்றால், ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் ஒரு வரிசையாக உள்ள காரியங்களை எப்படி நடத்தி முடிப்பது என்பதைப் பற்றி எழுதலாம் என்றுதான். வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அந்தப் பாஷையில் எனக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனால் அதில் என்ன தகராறு என்பது எனக்குப் புரிந்தது. மொய்ப் பந்தலில் உட்கார்ந்து பார்த்ததால் புரிந்தது. வேறு இடத்தில் புரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என் தங்கை மகன் புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டே வெளியூர்க் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவன். 2022-ஆம் வருஷம் ஆடியில், கொத்தமங்கலத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில் இருக்கும் என் சிநேகிதர் விருந்து வைப்பதாக ஏற்பாடு. மொய்க் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதுவது இப்போது அந்தப் பக்கத்தில் புதிது அல்ல. காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். "நம்ம மாப்பிள்ளை இருக்கும்போது வெளி ஆள் எதுக்கண்ணே?" என்றார் சிநேகிதர். மருமானும் சம்மதித்துவிட்டான்.

சிநேகிதரின் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவருடைய தோப்பில் நின்ற தென்னைகளில் முக்கால்வாசி விழுந்துவிட்டன. தென்னை, வாழையைப் போல மறுவருஷம் முளைத்து வருகிற பயிர் அல்ல. அப்பா வைத்த மரம் பிள்ளைக்குச் சாப்பாடு போடும். புயலுக்கு அடுத்த வருஷமே அவர் விருந்து வைத்திருக்க வேண்டியது. யாரிடம் பணம் இருக்கிறது, யார் வருவார்கள் என்று தள்ளிப் போட்டார். பிறகு கொரோனா வந்தது, அதில் இரண்டு வருஷம் போயிற்று. ஆக, நான்கு வருஷ நிலுவையும் சேர்ந்துதான் அந்த ஆடியில் பந்தல் ஏறிற்று. அவருக்குப் பணமும் தேவை, அதைவிடப் பட்டியல் சரியாக இருப்பதும் தேவை. பணத்தை எண்ண இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் ஒரு மனிதர் வந்து இரண்டாயிரம் ரூபாய் எழுதி, அவர் பெயர் நோட்டில் ஏறாமல் போய்விட்டால், நாளைக்கு அவர் விருந்து வைக்கும்போது சிநேகிதர் வெறுங்கையோடு நிற்பார். அந்த ஊரில் அதற்குப் பெயர் மறதி அல்ல.

இனி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ல் நெட்ஸ்கேப் என்ற அமெரிக்கக் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் உருவத்தைப் பத்தே நாளில் செய்து கொடுத்தார் என்பது பிரசித்தமான கதை. பத்து நாளில் செய்த பண்டத்தை உலகம் இன்றுவரை தின்றுகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சுபாவம் உண்டு. அது ஒற்றை ஆள். ஆயிரம் பேருக்குச் சமைக்கிற பந்தலில் ஒரே ஒரு சமையற்காரரை வைத்தது போல. அந்த ஒருவர் உலையை வைத்துவிட்டு அது கொதிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றால் விருந்து நடக்குமா? உலையை வைத்ததும் வெங்காயத்துக்குப் போவார். கொதித்ததும் "உலை கொதிச்சிருச்சு" என்று ஒரு குரல் வரும். கையிலிருக்கும் வெங்காயத்தை முடித்துவிட்டு அங்கே போவார். பாதி வெங்காயத்தில் போகமாட்டார், அது ஒரு பிடிவாதம். கம்ப்யூட்டரில் உலை என்பது பெரும்பாலும் தூரத்திலிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரைக் கேட்டுப் பதில் வாங்குவது. கேட்டவுடன் பதில் வராது. ஆகவே பதிலுக்குப் பதிலாக ஒரு சீட்டுத் தருகிறார்கள். பதில் பிறகு வரும், இப்போதைக்கு இதை வைத்துக்கொள் என்று. அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பிராமிஸ். வாக்கு.

இதை மருமான் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அடே, இது மொய்யல்லவா?" என்றேன்.

அந்தப் பெயர் அவர்களுக்கும் சுலபமாக அகப்படவில்லை. 1976-லேயே ஃபிரீட்மன், வைஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் அந்தச் சொல்லைப் பிரயோகித்தார்கள். 1988-ல் பார்பரா லிஸ்கவ் என்ற அம்மாளும் லியூபா ஷ்ரீராவும் அதை விரித்து எழுதினார்கள். ஜாவாஸ்கிரிப்டின் விதிப்புத்தகத்துக்குள் அது நுழைந்தது 2015-ல்தான். 2017-ல் 'அவெய்ட்' என்ற சொல் வந்தது. 'பதில் வரும்வரை இந்த இடத்தில் நில்' என்று அதற்கு அர்த்தம். சமையற்காரர் முழுவதுமாக நின்றுவிடமாட்டார், அந்த ஒரு காரியம் மட்டும் நிற்கும். அவர் வேறு அடுப்புக்குப் போய்விடுவார்.

ஒரு சீட்டு என்றால் தொந்தரவே இல்லை. ஆயிரம் சீட்டுகள் வரிசையாக இருக்கும்போதுதான் தொந்தரவு. அந்த வரிசையை மருமான் 'அரே' என்கிறான். விருந்துக்கு முதல் நாள் இரவு அதைக் கண்ணால் பார்த்தேன்.

பந்தலில் ஒத்திகை. சிநேகிதருக்கு ஆறு மேசைகள், மேசைக்கு ஒரு பையன், பையனுக்கு ஒரு போன். இதற்கெல்லாம் அப்பால் ஏழாவதாக ஒரு மேசை, அதில் கட்டம் போட்ட நோட்டும் இரண்டு பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-ல் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் எத்தனையோ மொய் நோட்டுகள் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன. அவரை வேண்டாம் என்று சொல்லச் சிநேகிதருக்கு மனம் வரவில்லை. "அதுபாட்டுக்கு அது, நாம்பாட்டுக்கு நான்" என்று அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பையன்கள் வாய்க்கு வந்த பெயர்களைச் சொல்லி இருநூறு பொய் மொய் எழுதினார்கள். பொய் மொய் என்பதால் தாராளமாகவே எழுதினார்கள். மருமான் 'கூட்டு' என்ற இடத்தில் அழுத்தினான். கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது:

முடிந்தது. மொத்தம் 0.

சிநேகிதர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்ளே, இது ஒத்திகைதானே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு காரியத்தைச் செய் என்று சொல்வதற்கு அந்தப் பாஷையில் 'ஃபார் ஈச்' என்று ஒரு சொல் இருக்கிறது. அது 2009-ஆம் வருஷத்து விதிப்புத்தகத்தில் ஏறியது. அப்போது பிராமிஸ் என்கிற பிள்ளை அந்த வீட்டில் பிறக்கவில்லை. ஆகையால் ஃபார் ஈச்சுக்குக் காத்திருக்கத் தெரியாது. "நீ போய்க் கேட்டு வா, நீ போய்க் கேட்டு வா" என்று இருநூறு பேரையும் விரட்டிவிடும். விரட்டி முடித்ததும் தன் வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். அவர்கள் கொண்டுவந்த சீட்டுகளை அது வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த வரி 'மொத்தத்தைச் சொல்.' ஒருவரும் திரும்பி வராத நிலையில் மொத்தம் என்ன? பூஜ்யம்தான். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. கேட்ட நேரத்தில் அதுதான் உண்மை.

"முடிஞ்சுதுன்னு யாரு தம்பி சொன்னா?" என்றார் பெரியவர், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. "ஆறு மேசையும் நோட்டை மூடி எங்கிட்டக் கொண்டாந்தப்புறம்தான் நான் கூட்டுவேன்."

மருமான் அவரை ஒரு தரம் பார்த்தான். பிறகு இருபது நிமிஷம் தட்டினான். திரும்ப அழுத்தினான். இந்தத் தடவை பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அதுவே நல்ல சகுனம் என்று எனக்குத் தோன்றியது.

மொத்தம் 501.

இருநூறு மொய்க்கு ஐந்நூற்றொரு ரூபாய்! பையன்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். இந்தக் கூத்துக்குக் காரணம் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம், நல்ல துப்பறியும் கதையின் கடைசி அத்தியாயத்தில் ஏற்படுகிற சந்தோஷம். இப்போது எல்லோரும் திரும்பி வரும்வரை புரோகிராம் காத்திருக்கத்தான் செய்தது. ஆனால் மொத்தத்தை எழுதிக் கூட்டுகிற பலகை ஒன்றே ஒன்று. ஒவ்வொருவனும் கிளம்பும்போது பலகையைப் பார்க்கிறான். பூஜ்யம் என்று இருக்கிறது. அதை மனசில் வைத்துக்கொண்டு போகிறான். திரும்பி வந்து, மனசிலிருக்கிற பூஜ்யத்தோடு தன் தொகையைக் கூட்டி, பலகையில் இருந்ததை அழித்துவிட்டு எழுதுகிறான். அவன் போய்வந்த நேரத்தில் வேறு ஒருவன் ஆயிரம் என்று எழுதியிருந்தால் அதுவும் அழிந்தது. இருநூறு பேரும் இப்படியே செய்தார்கள். கடைசியாக வந்தவனுடைய ஐந்நூற்றொன்று மட்டும் பலகையில் நின்றது.

பூஜ்யத்தைவிட இது பொல்லாதது. பூஜ்யம் வந்தால் குழந்தைக்கும் சந்தேகம் வரும். இதுவோ ஒரு தொகை மாதிரியே இருக்கிறது. இருநூறு பேரில் இரண்டு மூன்று பேர் மட்டும் இப்படி மோதிக்கொண்டிருந்தால் மொத்தம் கொஞ்சம்தான் குறைந்திருக்கும், ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. அந்த இரண்டு மூன்று பேரை நினைத்துத்தான் சிநேகிதருக்கு இரவெல்லாம் தூக்கம் வராமல் இருந்திருக்கும்.

மருமான் செய்த திருத்தம் எளிமையானது. பலகையே கூடாது. 'மேப்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் எல்லோரையும் ஒரே சமயத்தில் அனுப்புகிறது. ஆனால் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு சீட்டை வாங்கி வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த அடுக்கை 'பிராமிஸ் ஆல்' என்பதிடம் கொடுத்து 'அவெய்ட்' போட்டால், கடைசிச் சீட்டுக்குப் பதில் வரும்வரை காத்திருந்து, எல்லாத் தொகைகளையும் ஒரு வரிசையாகக் கையில் கொடுக்கும். கூட்டுவது அதற்கப்புறம், ஒரே ஆள், ஒரே மூச்சில். இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று. யார் முந்தி வந்தார், யார் பிந்தி வந்தார் என்பது அந்த வரிசையைப் பாதிப்பதில்லை. மூன்றாவது ஆள் முதலில் ஓடிவந்தாலும் அவர் இடம் மூன்றாவது இலைதான்.

"இதைத்தானே நான் அறுபது வருஷமாச் செய்யறேன்" என்று பெரியவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் பக்கத்தில் ஒவ்வொரு தொகையும் அதனதன் வரியில் இருந்தது. 'இதுவரை' என்ற மொத்தம் எங்கும் இல்லை. பக்கத்தின் அடி காலியாக இருந்தது. "நடுவுல கூட்டினா நடுவுல தப்பும்" என்றார். மருமான் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. மறுநாள் வரப்போவது இருநூறு அல்ல, ஆயிரத்து இருநூறு பேர். அத்தனை கேள்வியையும் ஒரே விநாடியில் அனுப்பினால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் 'இவ்வளவு பேர் ஒன்றாக வந்தால் முடியாது' என்று கதவைச் சாத்திவிடும். அப்படிச் சாத்தவும் சாத்திற்று. சரி, ஒவ்வொருவராகப் போகட்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வரிசையை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்று முடிந்த பிறகே அடுத்ததைத் தொடுகிற சுற்று. எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஆயிரக்கணக்கான கண்மாய்கள் அப்படிச் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கிற பூமி இது. மேலே இருப்பது நிரம்பாமல் கீழே இருப்பதற்கு அவசரப்பட்டுப் பிரயோசனமில்லை. ஒன்றின் பதில் அடுத்ததற்குத் தேவைப்படும் காரியத்துக்கு அந்தச் சுற்றுதான் சரி. ஆனால் மொய் அப்படி இல்லையே! ஒருவர் எழுதியதற்கும் அடுத்தவர் எழுதியதற்கும் சம்பந்தம் கிடையாது. கேள்விக்கு அரை விநாடி என்றாலும் ஆயிரத்து இருநூறுக்குப் பத்து நிமிஷம். சிநேகிதருக்குப் பத்து நிமிஷம் ஒரு பொருட்டல்ல. மருமானுக்கு அது மானப் பிரச்னையாகப் போயிற்று.

நடுவழி, பந்தி. பத்துப் பத்துப் பேராக உட்கார வைப்பது. பத்துப் பேரும் எழுந்த பிறகு அடுத்த பத்து. ஆயிரத்து இருநூறு பேர் நூற்றிருபது பந்தி, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் பந்தி என்றால் அதில் ஒரு மெதுவான ஆள் இருப்பார் என்பது விருந்துக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். ஒன்பது பேர் கையலம்பப் போயிருப்பார்கள். அவர் ஒருவர் மட்டும் எலும்பை ஆராய்ந்துகொண்டிருப்பார். அவருக்காக அடுத்த பந்தி முழுவதும் நிற்கும். இதற்கும் பரிகாரம் உண்டென்று மருமான் சொன்னான். பந்திக்குப் பதில் ஹோட்டல் மாதிரி. எந்த நாற்காலி காலியாகிறதோ அதில் அடுத்த ஆள். எந்த நேரத்திலும் பத்துப் பேருக்கு மேல் உட்காரமாட்டார்கள், ஆனால் ஒருவருக்காக ஒன்பது பேர் காக்கவும் மாட்டார்கள். பிறர் எழுதி வைத்த புரோகிராம் ஒன்று அதற்கு இருந்தது. அதைச் சேர்த்துக்கொண்டான். மணி ஒன்றரை. பெரியவர் நோட்டைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருந்தார்.

விருந்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கூட்டம் வந்தது, குழம்பு ருசியாக இருந்தது, நடுப்பகலில் ஒரு தூறல் போட்டது. ஆறு போன்களுக்கும் பெரியவருடைய நோட்டுக்குமாக மொய் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவர் பெயரைத் தட்டியதும் அவருக்குச் சிநேகிதர் முன்பு எப்போது எவ்வளவு எழுதினார் என்பது திரையில் வரும். சிநேகிதரின் மகள் பள்ளிக்கூட வாத்தியாரம்மா. ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழைய நோட்டுகளை ஏற்றியிருந்தாள். 'நீங்க எனக்கு ஆயிரம் எழுதினீங்க, நான் ஆயிரத்து ஐந்நூறு எழுதறேன்' என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் அது இருக்கும். கிழவர்கள் அதை எட்டிப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டு போனார்கள்.

ராத்திரி பத்தரை மணிக்குக் கடைசி மேசை மூடிற்று. மருமான் அழுத்தினான். எனக்கே மார்பு அடித்துக்கொண்டது. திரையில் வந்தது தொகை அல்ல. ஒரே ஒரு பிழைச் செய்தி.

ஏதோ ஒரு மொய்க்குப் பதில் வரும்போது தொடர்பு அறுந்துவிட்டது. கிராமத்து சிக்னல் அப்படித்தான். பிராமிஸ் ஆலின் சுபாவம் என்னவென்றால், ஆயிரத்து இருநூறில் ஒன்று தவறினாலும் அந்த க்ஷணமே 'தவறிவிட்டது' என்று கையை விரித்துவிடும். மற்றவர்கள் திரும்பி வராமல் இல்லை. வருகிறார்கள், பதிலும் கொண்டுவருகிறார்கள். ஆனால் வாங்கிக்கொள்ள வாசலில் ஆள் இல்லை. பணம் கட்டும் இடங்களில் இந்தக் கண்டிப்பு அவசியமாக இருக்கலாம். மொய்க்கு இது ஆகாது. 'ஒரு வீட்டார் வரவில்லை, ஆகவே விருந்தே நடக்கவில்லை' என்று சொல்லமுடியுமா?

மருமான் பதறவில்லை. அதற்கு வேறொரு சொல் வைத்திருந்தான். 2020-ல் விதிப்புத்தகத்தில் ஏறிய 'ஆல் செட்டில்ட்.' அது எல்லோரும் திரும்பும்வரை பொறுமையாக இருந்து, ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'நிறைவேறியது' அல்லது 'தவறியது' என்று எழுதிக் கொடுக்கும். தவறியதற்குக் காரணமும் எழுதும். மாற்றி எழுதி அழுத்தினான். வந்தது. மூன்று பெயர்கள் தவிர எல்லாம் நிறைவேறியிருந்தன. அந்த மூன்றையும் மறுபடி கேட்டான், இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதைப் பெரியவர் நோட்டில் தேடினார்கள். ஒரு கோபுரச் சின்னம் போட்ட மஞ்சள் பையிலிருந்து சில்லறையாக எடுத்து எண்ணிக் கொடுத்த ஒரு பாட்டி, பெரியவரிடமே வந்து எழுதியிருந்தாள். பையன் அதைப் பிறகு போனில் ஏற்றும்போது சிக்னல் போயிருக்கிறது. இருநூற்றொரு ரூபாய். அதைச் சேர்த்ததும் பட்டியலும், இயந்திரம் எண்ணிய பணமும் ரூபாய் சுத்தமாகப் பொருந்தின. சிநேகிதர் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தார், அவ்வளவுதான்.

மருமான் உற்சாகமாகிவிட்டான். இன்னொரு பட்டியலையும் அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தான். இதுவரை சிநேகிதர் யார் யாருக்கு எழுதியிருக்கிறாரோ அவர்களுடைய வரிசை. இன்று வந்து திருப்பியவர்கள் பெயருக்கு நேரே 'நிறைவேறியது.' வராதவர்கள் நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். அவர்கள் பெயருக்கு நேரே சிவப்பில் 'தவறியது.'

சிநேகிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரலை நகர்த்திக்கொண்டு போனார். எனக்கும் பாதிப் பேரைத் தெரியும். தோப்பு விழுந்தவர்கள். லாரி வாங்கி அது கொரோனாவில் நின்றுபோனவர் ஒருவர். அந்த வருஷங்களில் குடும்பத் தலைவனையே பறிகொடுத்த வீடு ஒன்று.

"மாப்ளே, இந்த வார்த்தைய எடுத்துடு."

"எது மாமா?"

"தவறியதுங்கறது."

"மாமா, விருந்து முடிஞ்சு போச்சே. இதுக்குமேல வரமாட்டாங்க. அப்போ அதுதானே சரி? நிறைவேறலேன்னா தவறினதுதான்."

"முடிஞ்சு போச்சுன்னு நேத்து ராத்திரிகூடத்தான் சொல்லிச்சு உன் பெட்டி" என்றார் சிநேகிதர்.

மருமான் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைப் பற்றி அவனிடமே முன்பு கேட்டிருந்தேன். பிராமிஸுக்கு மூன்று நிலை உண்டு: நிறைவேறியது, தவறியது, இரண்டும் ஆகாமல் நிலுவையில் இருப்பது. நிலுவைக்குக் காலக்கெடு என்று அந்தப் பாஷையில் எதுவும் கிடையாது. ஒரு சீட்டு நாள் கணக்காக, வருஷக் கணக்காக நிலுவையில் கிடக்கலாம், அதைக் குற்றம் என்று விதி சொல்லவில்லை. இத்தனை விநாடிக்குள் வராவிட்டால் தவறியதாக வைத்துக்கொள் என்று கெடு வைப்பது புரோகிராம் எழுதுகிறவன்தான். அப்படிக் கெடு வைத்துவிட்டால் பிற்பாடு பதிலே வந்தாலும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தவறியது என்று ஒரு தரம் எழுதியதை மாற்றி எழுத வழியில்லை.

பெரியவர் தம்முடைய பழைய நோட்டுகளில் ஒன்றைப் பிரித்து மருமான் பக்கம் நகர்த்தினார். பெயர், ஊர், தொகை. திருப்பியவர்கள் பெயர்மேல் ஒரு கோடு. திருப்பாதவர்கள் பெயர்மேல் ஒன்றுமில்லை. மூன்றாவது அடையாளம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"நாலு வருஷமா எம்பேரு எத்தனை நோட்டுல இப்படிக் கோடில்லாமக் கெடந்துச்சோ" என்றார் சிநேகிதர் என்னைப் பார்த்து. "2019-ல பதினோரு விருந்துக்கு என்னால போக முடியலண்ணே. அவங்கள்ல ஒருத்தராவது சிவப்பு மையில எழுதியிருந்தா, இன்னிக்கு அவங்க எம்பந்தலுக்கு வந்திருப்பாங்களா? எட்டுப் பேரு வந்துட்டுப் போனாங்க."

மருமான் லாப்டாப்பைத் திறந்தான். ஒரே ஒரு சொல்லை மாற்ற அவனுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிரிண்டர் மறுபடி ஓடிற்று. சிவப்பு இல்லை, எல்லாம் கறுப்பு. நாற்பது பெயர்களுக்கு நேரேயும் 'நிலுவை' என்று இருந்தது. சிநேகிதர் அந்தக் காகிதத்தை நான்காக மடித்துப் பழைய நோட்டுக்குள் வைத்து, நோட்டைக் கயிற்றால் கட்டினார். பிறகு பந்தலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்த ஆறு பயலுகளும் சாப்பிட்டாங்களா? யாராவது பாத்தீங்களா?" என்று மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.